உயிலும் சாசனமும்: கார்னெல் பல்கலைக்கழகக் கொடை வரலாறு

தாம் பயின்ற கல்லூரிக்குக் கணவனும் மனைவியும் கலந்து பேசித் தம் செல்வத்தில் ஒரு பங்கினை எழுதிவைப்பது அமெரிக்காவில் இன்று வேரூன்றிய வழக்கம். அதனைத் திட்டமிட்ட கொடை என்பர். ஈவதற்கு நல்ல மனம் போதாதா, திட்டம் எதற்கு என்று மாணவர் வினவலாம். அதற்கான விடையை நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகரில் நிகழ்ந்த வரலாறு ஒன்று தருகிறது.

கார்னெல் பல்கலைக்கழகம் 1868 அக்டோபர் 7ஆம் நாள் திறக்கப்பெற்றது. அன்று முழங்கிய ஒன்பது மணிகள் ஜென்னி மெக்ரா என்னும் பெண்மணியின் கொடை. மரவணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜான் மெக்ராவின் மகள் அவர். 1877இல் தந்தை மறைந்தபின் அச்செல்வத்துக்கு உரியவரானார். 1880இல் பெர்லின் நகரில், அப்பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரும் மொழிப் பேராசிரியருமான வில்லார்டு ஃபிஸ்கேயை மணந்தார். அடுத்த ஆண்டே காசநோய் அவர் உயிரைப் பறித்தது.

அவர் எழுதிய உயில் கணவருக்கு 300,000 டாலரும், பல்கலைக்கழக நூலகத்திற்கு 200,000 டாலரும் அளித்தது. உறவினர் முதலியோர்க்கு உரியவை போக எஞ்சிய செல்வமும் பல்கலைக்கழகத்திற்கே என்றது. ஆனால் பல்கலைக்கழகம் 3,000,000 டாலருக்கு மேல் சொத்து வைத்திருத்தலாகாது என்று அதன் சாசனம் விதித்திருந்தது. 1882இல் சட்டமன்றம் அவ்வரம்பை நீக்கியது. எனினும் ஜென்னி அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

நிருவாகத்தாரோடு மனக்கசப்புற்ற ஃபிஸ்கே 1883இல் பதவி துறந்து, உயிலை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ஜென்னி இறந்த வேளையில் பல்கலைக்கழகச் சொத்து வரம்பை எட்டியிருந்ததால் கொடை செல்லாது என்னும் தீர்ப்பை 1890இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஜென்னி விரும்பிய நூலகத்தை ஹென்றி சேஜ் என்னும் வள்ளல் தம் பொருளால் எழுப்பினார். அது 1891இல் திறக்கப்பெற்றது. அதன் கோபுரத்திலேயே ஜென்னியின் மணிகள் இன்றும் ஒலிக்கின்றன.

வழக்கில் வென்ற ஃபிஸ்கே இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் வாழ்ந்தார். தாந்தே, பெட்ரார்க் ஆகியோர் பற்றிய நூல்களையும் ஐஸ்லாந்து இலக்கியத்தையும் ஆயிரக்கணக்கில் திரட்டினார். அவற்றைக் கார்னெலுக்கே வழங்கினார். 1904இல் அவர் மறைந்தபோது சொத்தின் பெரும்பகுதியும் அங்கேயே சேர்ந்தது. கணவனும் மனைவியும் பல்கலைக்கழகத்துச் சேஜ் வழிபாட்டுக் கூடத்தில் துயில்கின்றனர்.

இருவரும் கொடுக்கவே விரும்பினர். ஆயினும் ஒருவர் எண்ணத்தை மற்றவரும், இருவர் எண்ணத்தைச் சட்டமும் முன்னரே அறிந்து இசையாமையால் இடையில் 23 ஆண்டுகள் கழிந்தன.

1872இல் கார்னெல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஒரே வளாகத்தில் பயின்று மணம்புரிந்தோர் அதன்பின் தோன்றினர். 1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம், இத்தகையோர்க்கு உதவும் அறக்கட்டளை முறையை வரையறுத்தது. அம்முறையில் தம்பதியர் சொத்தை அறக்கட்டளையில் ஒப்படைத்து, வாழ்நாள் முழுதும் அதன் வருவாயைப் பெறுவர். இருவர் காலத்திற்குப் பின் எஞ்சியது கல்லூரியைச் சேரும். ஜென்னியின் உயிலில் இல்லாத முன்னேற்பாடு இதுவே. கொடை மனத்தில் பிறக்கிறது. உரியவர் கையை அடைவதற்கோ முன்கூட்டிய உடன்பாடு வேண்டும்.