இன்ச்சிகோர் பெண்

டப்ளின் நகரத்தின் மேற்கே இன்ச்சிகோர் என்று ஒரு பேட்டை. 1846-ல் அங்கே ரயில்வே பட்டறை வந்தது. பட்டறையை நம்பிக் குடித்தனங்கள் வந்தன. அந்தப் பேட்டையில் 1956 ஜனவரியில் பிறந்தவள் ஆன் ஓ'பிரையன். கால்பந்து அவள் குடும்பத்தில் ஊறிப்போன விஷயம். நெருங்கிய உறவினரான ஜானி ஜைல்ஸ், லீட்ஸ் அணியில் பேரும் புகழும் பெற்றவர். அயர்லாந்துக்காக 59 ஆட்டங்கள் ஆடியவர். ஆன் தன் தேசத்துக்காக ஆடியவை நாலே நாலு. ஜைல்ஸைவிட ஆட்டத்தில் மட்டம் என்பதால் அல்ல. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் காசு கொடுத்து வைத்துக்கொண்ட கால் அவளுடையது. 59 எங்கே, 4 எங்கே? அந்த வித்தியாசத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

கதை பக்கத்து இங்கிலாந்தில் தொடங்குகிறது. முதல் உலக யுத்தத்தின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, தொழிற்சாலைப் பெண்கள் பந்தாட ஆரம்பித்தார்கள். 1920 டிசம்பர் 26-ம் தேதி லிவர்பூலில் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். ஒரு வருஷம் ஆகவில்லை. 1921 டிசம்பர் 5-ம் தேதி, பெண்களுக்கு எந்தக் கிளப்பும் மைதானம் தரக்கூடாது என்று கால்பந்து சங்கம் உத்தரவு போட்டுவிட்டது. பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாதாம்! கூட்டம் வராத ஆட்டமாக இருந்தால் பொருந்தியிருக்குமோ என்னவோ. தடை நீங்க ஐம்பது வருஷம் பிடித்தது. அயர்லாந்திலும் பெண்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது 1973-ல்தான். அந்த மே மாதம் வேல்ஸுக்குப் போய், தங்கள் முதல் சர்வதேச ஆட்டத்தில் 3-2 என்று ஜெயித்து வந்தார்கள்.

பிரான்ஸில் விஷயம் விளையாட்டாகவே ஆரம்பித்தது. ரீம்ஸ் நகரத்தில் பியர் ஜெஃப்ரூவா என்று ஒரு பத்திரிகைக்காரர். 1968-ல் ஒரு விழாவில் கூட்டத்தைச் சிரிக்க வைக்கலாம் என்ற எண்ணத்தில், பந்தாடப் பெண்கள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். வந்த பெண்கள் சிரிக்க வைக்கவில்லை, ஆடிக் காட்டினார்கள். மனிதரும் சும்மா இருக்கவில்லை. அவர்களையே அணியாக்கிப் பயிற்சி கொடுத்து, ஊர் ஊராக, தேசம் தேசமாக அழைத்துக்கொண்டு சுற்றினார். அப்படி 1973-ல் அயர்லாந்து வந்தபோது அவர் கண்ணில் பட்டவள் ஆன். பதினேழு வயசு. பாஷை தெரியாது. புறப்பட்டுவிட்டாள்! பிரான்ஸின் பெண்கள் சாம்பியன் பட்டத்தை ரீம்ஸ் அணி 1975-லும் 1976-லும் வென்றபோது அவள் அதில் இருந்தாள்.

1976-ல் ரோமாபுரியின் லாட்ஸியோ அணிக்குப் போனாள். அன்றைய இத்தாலியப் பெண்கள் பந்தாட்டம் வேடிக்கையான உலகம். அணியின் பெயரோடு, பணம் போடும் கம்பெனியின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். லாட்ஸியோவுக்குப் பின்னால் ஆண்களின் உடுப்புத் தைக்கும் கம்பெனி. லெச்சே ஊர் அணிக்கு ஐஸ்கிரீம் கம்பெனி. டிரானி அணிக்கு ஒரு சமயம் மளிகைக் கடைக்காரர்கள். சட்டப்படி இந்தப் பெண்கள் அத்தனை பேரும் பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள்! இத்தாலியில் பெண்கள் முதல் டிவிஷன் ஆட்டத்தைத் தொழில் என்று ஒப்புக்கொண்டது 2022 ஜூலை முதல் தேதியில்தான். ஆனால் ஆன் ஓ'பிரையன் அதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே அந்தத் தொழிலில் சோறு தின்றுகொண்டிருந்தாள். லாட்ஸியோவோடு 1979, 1980 பட்டங்கள். பிறகு டிரானி, ரெஜியானா, மிலான் என்று அணி மாறி மாறி, 1990-களிலும் ஆடிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் நடந்தபோது டப்ளினில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெண்கள் சங்கத்திடம் பணம் கிடையாது. ரோமிலிருந்து ஒருத்தியை வரவழைக்க விமானக் கட்டணம் யார் கொடுப்பது? அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற கிளப்போ, ஆட்டக் காலத்தில் விட்டுக்கொடுக்கத் தயங்கும். தப்பு யார் மேலும் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆண்கள் அணிக்கு மட்டும் இந்தச் சங்கடம் எப்படி வராமல் போயிற்று என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இங்கிலாந்தில் ஆடிய ஜைல்ஸை அழைக்க யாரும் கட்டணக் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1992-ல் ஸ்வீடனிடம் 10-0 என்று தோற்றதும், அடுத்த ஐரோப்பியப் போட்டிக்குப் பெண்கள் அணியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அவமானத்துக்கு மருந்து அதுதான் என்று எண்ணினார்கள் போலும்.

ஆன் 2016 ஆகஸ்டில், அறுபதாவது வயசில் காலமானாள். எட்டு மாதம் கழித்து, 2017 ஏப்ரலில், அயர்லாந்துப் பெண்கள் அணி டப்ளினில் தொழிற்சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து பத்திரிகைக்காரர்களிடம் சில உண்மைகளைச் சொன்னது. தேசத்தின் சீருடையை மற்ற அணிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்; பயணம் முடிந்ததும் விமான நிலையத்துக் கழிப்பறையிலேயே அதைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். வேலை நிறுத்தம் என்று மிரட்டிய பிறகே சங்கம் வழிக்கு வந்தது. 2021-ல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஊதியம் என்றாயிற்று. 2023 ஜூலை 20-ம் தேதி சிட்னியில், உலகக் கோப்பையில் முதன்முதலாக அயர்லாந்துப் பெண்கள் களமிறங்கினார்கள். பார்க்க வந்தவர்கள் 75,784 பேர். ஆஸ்திரேலியாவிடம் ஒரு கோலில் தோற்றார்கள். ஆடியவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டுக் கிளப்புகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். இந்த முறை விமானச் சீட்டைச் சங்கமே எடுத்துக் கொடுத்திருந்தது.