வணிகரின் பிள்ளைக்கு வைத்த தேர்வு



ஹிஜ்ரி 676-ல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் ஷாஃபிஈ மத்ஹபுச் சட்ட நூலை நம் கடற்கரை ஊர்களில் ஓதிய ஆலிம்கள் நன்கறிவார்கள். தன் பொருளைத் தானே கையாளும் தகுதி ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதா என்பதை அறியும் முறை அந்நூலில் கூறப்பட்டுள்ளது. வணிகரின் மகனை வாங்குவதிலும் விற்பதிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். உழவரின் மகனைப் பயிர்த்தொழிலிலும், வேலையாட்களுக்குச் செலவிடுவதிலும் சோதிக்க வேண்டும். கைத்தொழிலாளியின் மகனுக்கு அவனது தொழிலே தேர்வு. பெண்பிள்ளையை நூல் நூற்பு, பஞ்சு ஆகியவற்றிலும், உணவுப் பொருளைப் பூனையிடமிருந்து காப்பதிலும் சோதிக்க வேண்டும்.

பூனை என்ற சொல் வந்தபோது மாணவர்களாகிய நாம் சிரித்துவிட்டோம். எமது உஸ்தாத் சிரிக்கவில்லை. "உங்கள் வீட்டுச் சட்டியைப் பூனையிடமிருந்து காப்பாற்றியவர் யாரென்று போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று மட்டும் கூறினார்கள்.

இச்சட்டத்தின் வேர் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. அநாதைகள் மணப்பருவத்தை அடையும்வரை அவர்களைச் சோதித்து வருமாறும், அவர்களிடம் பக்குவத்தைக் கண்டால் அவர்களின் பொருளைச் சாட்சிகளை வைத்து ஒப்படைக்குமாறும் அங்கே கட்டளை வருகிறது. வயது வந்தால் மட்டும் போதாது, பக்குவமும் வேண்டும். அந்தப் பக்குவத்துக்கு 'ருஷ்து' என்று பெயர். அது உண்டா இல்லையா என்பது அறிவுரையால் தெரியாது. சோதித்துத்தான் அறிய இயலும். ஒரு முறை தேறியது தற்செயலாக இருக்கலாம் என்பதால் இரண்டு முறையோ அதற்கு மேலோ சோதிக்க வேண்டும் என்கிறார்கள் இமாம் அவர்கள். சோதனைக்குரிய காலம் பருவம் எய்துவதற்கு முன்பே.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பருவம் எய்தாத பிள்ளை செய்யும் வணிக ஒப்பந்தம் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. அப்படியானால் எவ்வாறு சோதிப்பது? பிள்ளை கடைக்குச் சென்று சரக்கைப் பார்த்துப் பேரம் பேசட்டும். விலை படிந்து, ஒப்பந்தம் முடிக்கும் வேளை வந்ததும் காப்பாளர் முன்வந்து முடிப்பார். பிள்ளையின் தவறு பேரத்தோடு நின்றுவிடும், பொருள் கைவிட்டுப் போகாது. நம்மில் பலர் இன்று செய்வது இதற்கு நேர் எதிரானது. பிள்ளைக்குப் பேரம் பேசவே தெரியாது. ஆனால் வாப்பாவின் கைப்பேசியில் இரகசிய எண்ணை அழுத்திப் பணம் அனுப்ப ஏழு வயதிலேயே தெரியும்.

காரைக்கால் கோவில்பத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் நாம் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைப்பது முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் எம்மிடம் வந்தார். கணவர் வளைகுடா நாட்டில் சபரில் இருந்தார். மகளின் நிக்காஹுக்கென்று சேர்த்த பணத்தை ஒரு திட்டத்தில் போடலாமா என்று கேட்டார். வட்டி கிடையாது, ஒவ்வொரு மாதமும் இலாபம் வரும், நடத்துவோர் ஐவேளை தொழுபவர்கள் என்றார். வட்டி இல்லையென்றால் தடையில்லை என்று பதில் சொல்லி அனுப்பினோம். பதினொரு மாதம் பணம் வந்தது. பன்னிரண்டாம் மாதம் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அந்தத் தாய் எம்மை ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவருடைய இளைய மகன் அப்போது எம்மிடம் ஓதிக்கொண்டிருந்தான். அவன்தான், "ஹஜ்ரத், ஹலால் என்று சொன்னீர்களே?" என்று கேட்டான்.

நாம் வட்டியைப் பற்றி மட்டுமே விசாரித்திருந்தோம். நட்டம் வந்தால் அது யாருடையது என்று கேட்கவில்லை. ஆதாயம் யாருக்கோ, பொறுப்பும் அவருக்கே என்பது ஃபிக்ஹில் முதல் வகுப்புப் பாடம். ஓதிய பாடம் கேள்வி வந்த நேரத்தில் உதவவில்லை. அதன்பின் வரலாற்று நூல்களைப் புரட்டும்போதெல்லாம் இந்த ஒரு கேள்வியையே தேடி வருகிறோம்.

முதலில் கண்ணில் பட்டது, ஸஹீஹுல் புகாரீயில் விரிவாக இடம்பெறும் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் கடன் வரலாறு. மக்கள் தங்கள் பணத்தை அமானிதமாக வைத்துக்கொள்ளும்படி அவர்களிடம் கொண்டு வருவார்கள். அவர்கள் அவ்வாறு ஏற்கமாட்டார்கள். கடனாகத் தருவதாயின் பெற்றுக்கொள்வார்கள். வேறுபாட்டைக் கவனியுங்கள். அமானிதப் பொருள் காப்பவரின் கவனக்குறைவின்றித் தொலைந்துபோனால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை, இழப்பு உரிமையாளருடையது. கடன் அப்படியன்று. வெள்ளம் கொண்டு போனாலும் வாங்கியவர் திருப்பித் தந்தே ஆகவேண்டும். பொருள் தொலைந்து போய்விடுமோ என்ற அச்சத்தால், மக்களின் தலையிலிருந்த சுமையை எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார்கள் அந்த ஸஹாபி.

ஹிஜ்ரி 36-ல் (கி.பி. 656) ஜமல் போர் நாளில் தாம் கொல்லப்படக்கூடும் என்று உணர்ந்ததும் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துக் கடனைப் பற்றியே பேசினார்கள். சொத்துக்களை விற்றுக் கடனைத் தீர்க்கும்படியும், இயலாமல் போனால் தம் எஜமானிடம் உதவி கேட்கும்படியும் கூறினார்கள். எஜமான் யார் என்று மகனுக்குப் புரியவில்லை. கேட்டபோது, அல்லாஹ் என்று பதில் வந்தது.

தந்தை மறைந்தபின் மகன் கணக்குப் பார்த்தார். கடன் 22 இலட்சம். ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. நிலமும் வீடுகளுமே இருந்தன. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வழியில் கண்டு, கடன் எவ்வளவு என்று கேட்டார்கள். அப்துல்லாஹ் உண்மைத் தொகையைச் சொல்லத் தயங்கி, ஒரு இலட்சம் என்றார். அதற்கே உங்கள் சொத்து போதாதே என்றார்கள் ஹகீம் (ரலி). அப்படியானால் 22 இலட்சம் என்றால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டார் மகன். படிக்கும்போது அந்த மகனின் நிலைக்கு நம் மனம் இரங்குகிறது. நம் ஊரில் தந்தையின் கடனைத் தலையில் ஏற்ற எந்தப் பிள்ளைக்கும் அந்தத் தயக்கம் தெரியும்.

தந்தை 1,70,000-க்கு வாங்கிய 'காபா' நிலத்தை மகன் 16 இலட்சத்துக்கு விற்றார். நான்கு இலட்சம் கொடுத்திருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள் கடனை விட்டுத்தர முன்வந்தார்கள், மகன் ஏற்கவில்லை. தவணை தருவதாகச் சொன்னார்கள், அதையும் ஏற்கவில்லை. நிலத்தில் ஒரு பகுதியை எழுதிக் கொடுத்துக் கணக்கை முடித்தார். தெரிந்த கடன்களெல்லாம் தீர்ந்ததும் வாரிசுகள் பாகம் கேட்டனர். ஸுபைருக்குக் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வரட்டும் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்த பிறகே அவர் பங்கிட்டார்.

இனி நமக்கு அருகே உள்ள ஒரு வரலாறு. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சியர் கையில் இருந்ததால், நம் முன்னோரில் பலருக்குச் சபர் என்றால் இந்தோசீனாதான். சைகோன் நகரில் துணிக்கடை வைத்த தமிழ் முஸ்லிம்கள் உண்டு. அந்நகரின் நடுவே இந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அங்கே புழங்கிய நாணயம் பியாஸ்தர். 1945 டிசம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்கு என்று மாற்று விகிதம் வகுத்தது. வெளிச்சந்தையிலோ அதன் மதிப்பு ஏறத்தாழப் பாதிதான்.

இதன் விளைவை எமது மாணவர்களிடம் கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். சைகோனில் ஒருவர் பியாஸ்தரைச் சந்தை விலைக்கு வாங்குகிறார். இறக்குமதிச் சரக்கு என்றோ குடும்பச் செலவு என்றோ ஒரு காரணம் எழுதி, அதைப் பிரான்சுக்கு அனுப்ப மாற்று அலுவலகத்தில் அனுமதி பெறுகிறார். அங்கே 17 பிராங்கு வீதம் கிடைக்கிறது. அந்தப் பிராங்கைக் கொண்டு டாலரோ தங்கமோ வாங்கி, மீண்டும் சைகோனில் பியாஸ்தராக்குகிறார். ஒரு சுற்றில் பணம் இரட்டிப்பு. எந்தப் பொருளும் விளையவில்லை, எந்தத் துணியும் நெய்யப்படவில்லை. அதிகாரிகள், அரசியல்வாதிகள், படையினர், வணிகர் எனப் பலரும் இதில் இறங்கினர். பிரான்சை எதிர்த்துப் போரிட்ட வியட்மின் தரப்பே இவ்வழியில் டாலர் சேர்த்தது என்பதும் வெளிவந்தது. மாற்று அலுவலகத்தில் பணியாற்றியிருந்த ஒருவர் 1953-ல் நூல் எழுதி இதை அம்பலப்படுத்தினார். அவ்வாண்டு மே 11 அன்று விகிதம் 17-லிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது.

"இந்த இலாபத்தை யார் கொடுத்தார்கள்?" என்று பிள்ளைகளிடம் கேட்போம். முதலில் 'பேங்க்' என்பார்கள். சற்று நேரம் விட்டால், அந்நாட்டு மக்கள் கட்டிய வரிப்பணம் என்று யாராவது ஒருவர் வந்து சேர்வார். விகிதம் குறைந்த அன்று, ஒரு வெள்ளியும் சுழற்றாமல் பியாஸ்தரில் நேர்மையாகச் சம்பாதித்து ஊருக்கு அனுப்பக் காத்திருந்தவரின் சேமிப்பும் பிராங்குக் கணக்கில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் சுருங்கியது.

மூன்றாவது வரலாறு நம் காலத்தது. பெங்களூரில் 2006-ல் தொடங்கிய ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம், வட்டியற்ற ஹலால் முதலீடு என்று சொல்லிப் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களிடமிருந்து பணம் திரட்டியது. மணப்பெண்ணுக்குச் சேர்த்த நகை, ஓய்வூதியம், ஹஜ்ஜுக்கு வைத்த தொகை எல்லாம் போயின. 2019 ஜூனில் அதன் தலைவர் மன்சூர் கான் துபாய்க்குச் சென்றுவிட்டார். ஜூலை 19 அன்று டில்லி வந்திறங்கியபோது கைது செய்யப்பட்டார். புகார் கொடுத்தோர் 40,000-க்கும் மேல். தொகை ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் என்று செய்திகள் கூறின. அந்த வழக்கில் ஒரு மார்க்க அறிஞரும் கைது செய்யப்பட்டார். இதை எழுதும்போது எமக்குக் கை கூசுகிறது. ஆனால் மிம்பரிலிருந்து வரும் பரிந்துரைக்கு எவ்வளவு விலை உண்டு என்பதை மோசடிக்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

இவ்வழக்கில் எம் கவனத்தை ஈர்த்தது ஒரு சிறு விவரம். பணம் கொடுத்தவர்கள் ஏட்டளவில் வைப்பாளர்களாக அன்றிக் கூட்டாளிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கூட்டாளி என்றால் நட்டத்திலும் பங்குண்டு. அதே வேளையில் மாதந்தோறும் தவறாத வருமானம் என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டது. முளாரபா முறையில் இலாபத்தை விகிதமாகப் பேசலாமே தவிர, இவ்வளவு தொகை நிச்சயம் என்று பேசினால் ஒப்பந்தமே முறிந்துவிடும் என்பதை நாம் வகுப்பில் ஓதியிருக்கிறோம். ஸுபைர் (ரலி) அவர்கள் மக்களின் சுமையைத் தம்மேல் ஏற்றிக்கொள்ளச் சொல்லை மாற்றினார்கள். இங்கே சுமையை மக்கள்மேல் இறக்கச் சொல் மாற்றப்பட்டது.

சட்டப் பாதுகாப்பு நமக்கு இல்லாமல் இல்லை. வைப்பாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-லும் புதுச்சேரியில் 2004-லும் தனிச் சட்டங்கள் வந்தன. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்திய அரசின் சட்டம் 2019-ல் வந்தது. கைப்பேசி வழியாகப் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் இழப்பே. ஏமாந்ததை வெட்கத்தால் மறைக்கும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். ஏமாற்றியவர் அதே ஜமாஅத்தைச் சேர்ந்தவர் என்றால் வாய் இன்னும் இறுகிவிடுகிறது. அந்த மௌனத்தால் அடுத்த வீடும் அதே திட்டத்தில் பணம் போடுகிறது.

மின்ஹாஜின் அந்தப் பாடத்துக்குத் திரும்பிய பிறகு எமது மத்ரஸாவில் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். அஸருக்குப் பின் பிள்ளைகள் உண்ணும் பிஸ்கட்டும் கடலை மிட்டாயும் முன்பு நாமே வாங்கி வைப்போம். இப்போது மாதத்துக்கு 600 ரூபாயை ஒரு தகர டப்பாவில் இட்டு, இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறோம். அவர்களே கடைக்குச் சென்று விலை கேட்கிறார்கள். நாம் கூடவே போய்ப் பணத்தைக் கொடுக்கிறோம், இமாம் அவர்கள் சொன்ன முறைப்படி. கடனை எழுதிக்கொள்ளுமாறு வந்த இறைவசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதைச் சொல்லி, ஒரு குறிப்பேடும் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு வரியிலும் எழுதியவர் ஒருவர், சாட்சி மற்றொருவர்.

முதல் மாதம் ஒரு பிள்ளை காலாவதியான பிஸ்கட்டை மலிவு விலைக்கு வாங்கி வந்து, பேரத்தில் வென்றதாக மகிழ்ந்தான். அதை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று வகுப்பில் கேட்டோம். நனைந்த தானியத்தை மேலே வைக்காமல் அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸை அவர்கள் மனனம் செய்திருந்தார்கள். ஆயினும் இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குத் தெரியவா போகிறது என்றார்கள். அவர்களை நாம் கோபிக்கவில்லை. மறுவாரம் டப்பாவை அந்த இருவரிடமே கொடுத்தோம்.

சென்ற மாதக் கணக்கில் 14 ரூபாய் குறைந்தது. பொறுப்பிலிருந்த பிள்ளைகள் இருவரும் தம் கைப்பணத்தை வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று பேசிக்கொண்டது எம் காதில் விழுந்தது. வேண்டாம், குறைந்தது குறைந்தபடியே எழுதுங்கள் என்றோம். மூன்று நாள் கழித்து அவர்களில் ஒருவன் வந்து, கடைக்காரர் மீதி தருகையில் சில்லறை இல்லையென்று இரண்டு மிட்டாய் கொடுத்ததையும் அதைத் தாங்கள் தின்றுவிட்டதையும் சொன்னான். அது நான்கு ரூபாய். மீதிப் பத்து ரூபாய் எங்கே போயிற்று என்பது இதுவரை தெரியவில்லை. குறிப்பேட்டில் அந்த வரி இன்னும் திறந்தபடியே இருக்கிறது.