எந்த ஊர் ஏழரை?

"ராகு காலம் கழியட்டும், பிறகு புறப்படலாம்" என்றார் தந்தையார். ராகு காலம் கழிந்தது. பேருந்து கிளம்பிப் போய்விட்டது. மதுரைக் கல்லூரியொன்று சேர்க்கைக்காகக் குறித்திருந்த நேரமும் கடந்துவிட்டது. சிவகாசிக்கு அருகே நம்மிடம் பயின்ற மாணவி அவள். சுவரில் தொங்கிய நாட்காட்டி, "திங்கள், ஏழரை முதல் ஒன்பது" என்றது. தந்தை தலை வணங்கினார். அந்த நாட்காட்டி அச்சானது எங்கே? சிவகாசியிலேதான்! அதன் தாள்களை அடுக்கிக் கட்டிய கைகளில் இரண்டு, அந்தத் தந்தையின் கைகள். தாம் கட்டிய தாளுக்குத் தாமே அஞ்சி நின்றார்!

அவரை ஏசுவதிலே பயனில்லை, தோழர்களே. ஏழரை என்கிறார்களே, அது எந்த ஊர் ஏழரை என்று கேட்க அவருக்கு எவரும் கற்றுத் தரவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை காண மனிதன் நடுக்கடலிலே பட்ட பாட்டையும் எவரும் சொல்லவில்லை.

பூமி ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரம். எனவே ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். கிழக்கிலுள்ளோன் கதிரவனை முன்னே காண்கிறான். மேற்கிலுள்ளோன் பின்னே காண்கிறான். இரண்டு ஊர்களின் நேர வேறுபாடு தெரிந்தால், அவற்றின் கிழக்கு மேற்கு இடைவெளி, அதாவது தீர்க்கரேகை வேறுபாடு, தெரிந்துவிடும். சொல்லுவது எளிது. கடலிலே அது உயிர்ப் பிரச்சினை.

வடக்கு தெற்கு நிலையை அறிவதிலே நம் கரையோர மாலுமிகள் தேர்ந்தவர்கள். ராப்பலகை என்றொரு கருவி வைத்திருந்தார்கள். சிறு பலகை, நடுவே ஒரு கயிறு, கயிற்றிலே முடிச்சுகள். கயிற்றைப் பல்லிலே கடித்துப் பலகையை நீட்டிப் பிடித்தால், கீழ் விளிம்பு கடலின் விளிம்பைத் தொட வேண்டும். மேல் விளிம்பு வடமீனைத் தொட வேண்டும். எந்த முடிச்சிலே இரண்டும் பொருந்துகின்றன என்பதைக் கொண்டு எந்தத் துறைமுகத்தின் நேரிலே கலம் நிற்கிறது என்று அறிவார்கள். ஆனால் துறைமுகம் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா, எத்தனை தொலைவு என்பதைப் பலகை சொல்லாது. பெரும் கடற்படை கட்டிய ஐரோப்பியருக்கும் அது சொல்லவில்லை. 1707-ல் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளருகே நான்கு போர்க்கப்பல்கள் பாறையில் மோதி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714-ல் பாராளுமன்றம் 20,000 பவுன் பரிசு அறிவித்தது.

பரிசுக்குரிய விடையைத் தந்தவர் எவர்? பிரபுவா? பேராசிரியரா? தச்சரின் மகன், தாமும் தச்சர், ஜான் ஹாரிசன்! புறப்பட்ட துறையின் நேரத்தை மாறாமல் காட்டும் கடிகாரம் இருந்தால் போதும் என்றார். கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால், நிலநடுக்கோட்டருகே கப்பல் 28 கிலோமீட்டர் தவறும். அலையிலும் வெப்பத்திலும் தவறாத கடிகாரத்துக்காக வாழ்நாளையே செலவிட்டார். அவருடைய நான்காம் கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டு, 81 நாளில் இழந்தது ஏறத்தாழ 5 நொடி! வானநூல் வல்லார் நிறைந்த குழு அப்போதும் ஐயுற்றது. பாராளுமன்றம் தலையிட்டு மீதித் தொகையை வழங்கியது 1773-ல். அவருக்கு வயது எண்பது.

கடிகாரத்தைச் சரிபார்க்கக் கரையிலே தீர்க்கரேகை தெரிந்த ஊர் வேண்டுமல்லவா? அந்த ஊர்களிலே ஒன்று சென்னை. 1786-ல் வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அதிகாரி எழும்பூரிலே சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். அதன் கருவிகளைக் கொண்டு 1792-ல் நுங்கம்பாக்கத்திலே கம்பெனியின் கூடம் எழுந்தது. கட்டியவர் மைக்கேல் டாப்பிங், கடற்கரையை அளந்தவர். நாட்டின்மீது கொண்ட காதலா? இல்லை, கரையறியாது கப்பல் மூழ்கினால் சரக்கும் மூழ்கும்! கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே இருக்கிறது. பிரிட்டிஷாரின் தாராள உள்ளத்தால் ஆசியாவிலே கணித அறிவு முதன்முதல் ஊன்றப்பட்டது என்று ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறியட்டும் எனத் தமிழிலும் பிற மொழிகளிலும் பொறித்தும் வைத்தார்கள். ராப்பலகை பிடித்த மாலுமி இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பான்.

அக்கூடத்தின் வானநூலார் ஜான் கோல்டிங்காம் சென்னையின் தீர்க்கரேகையை எதைக் கொண்டு கணித்தார் தெரியுமா? வியாழனைக் கொண்டு! ஆம், குருப்பெயர்ச்சி என்று நாம் கும்பிடும் அதே வியாழன்! அதன் நான்கு பெரிய துணைக்கோள்களைக் கலிலியோ 1610-ல் கண்டார். அவற்றுள் உள்ளேயிருப்பது 42½ மணிக்கு ஒருமுறை சுற்றி, வியாழனின் நிழலிலே மறைந்து எழும். அந்தக் கிரகணம் உலகெங்கும் ஒரே கணத்தில் தெரியும். ஆகவே வானத்திலே தொங்கும் பொதுக் கடிகாரம் அது. ஆடும் கப்பலிலே தொலைநோக்கியை நிலைநிறுத்த இயலாது. ஆடாத நுங்கம்பாக்கத்திலே இயலும். 1802-ல் சென்னை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது என்று வகுத்தார். பிற்காலத்தில் தந்திக் கம்பி வழியே நேரத்தை ஒப்பிட்டபோது அதிலும் கால் நிமிடம் போலப் பிழை தெரிந்தது, திருத்திக்கொண்டார்கள். யாரும் தோஷம் கழிக்கவில்லை!

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். சந்திர கிரகணத்தைக் கொண்டு ஊர்களின் கிழக்கு மேற்கு இடைவெளியை அறியும் வழி சூரிய சித்தாந்தத்திலேயே இருக்கிறது. ஏட்டிலே கணக்கு இருந்தது; வீட்டிலே கிரகணத்தன்று சோற்றுப் பானையில் தருப்பைப் புல்லைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இனி நம் நாட்காட்டிக்கு வருவோம். ராகு காலம் என்பது காலை ஆறு மணிக்கு ஞாயிறு எழுவதாக வைத்து, பகலை எட்டுக் கூறாக்கிய கணக்கு. எந்த ஆறு மணி? 1906 முதல் நாம் வைத்திருப்பது 82½ பாகைக் கோட்டின் நேரம். சிவகாசி இருப்பதோ 77 பாகை 48 கலையில். நம் கதிரவன் கடிகாரத்துக்கு ஏறத்தாழ 19 நிமிடம் பிந்தியவன். கல்கத்தாவின் கதிரவன் ஏறத்தாழ 23 நிமிடம் முந்தியவன். இரண்டு ஊருக்கும் ஒரே ஏழரை! வெள்ளை ஆட்சி வகுத்த கடிகாரத்துக்கு ராகு எப்போது கைகட்டிச் சேவகம் செய்யத் தொடங்கினான்?

சித்திரை முதல் நாளையொட்டி நம் ஊரிலே நண்பகலில் கதிரவன் தலைக்கு நேர் மேலே வருகிறான். விடுமுறை நாள்தான், ஆயினும் அந்த மாணவியும் மற்றும் சிலரும் பள்ளி முற்றத்துக்கு வந்தனர். தந்தையாரும் வந்தார். கோலொன்றை நட்டோம். பன்னிரண்டு அடித்தது, கோலின் மேற்கே சிறு நிழல் இருந்தது. அது சுருங்கிச் சுருங்கிக் கோலின் அடியிலே மறைந்தபோது, தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொன்னவர் தந்தையார்தான்: "பன்னிரண்டு பத்தொன்பது!" மகள் அதை ஏட்டிலே குறித்துக்கொண்டாள்.