செமந்தான் கடைசி நிலையமாக இருந்த காலம்

செமந்தான் எம்.ஆர்.டி. நிலையத்தில் ரயில்கள் திரும்பிப் போகும் வழக்கம் 2017 ஜூலை 17 அன்று முடிந்துபோனது. அதற்கு வயது ஏழு மாதம். அன்று கோலாலம்பூர் முழுக்கக் கொண்டாட்டம். சுங்கை பூலோவிலிருந்து காஜாங் வரை 51 கிலோமீட்டர் பாதை அன்று முழுமையாக நமக்குக் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் செமந்தானை யாரும் நினைக்கவில்லை. அதனால்தான் காலம் கடந்தாலும் இந்த இரங்கலை எழுத வேண்டியிருக்கிறது.

2016 டிசம்பர் 16 அன்று அந்தப் பாதையின் முதல் பகுதி திறக்கப்பட்டது. சுங்கை பூலோ முதல் செமந்தான் வரை பன்னிரண்டு நிலையங்கள், 21 கிலோமீட்டர். முதல் ஒரு மாதம் கட்டணம் இல்லாமல் ஏறலாம் என்றதும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தூண்கள் மேல் ஓடிவரும் பாதை செமந்தானைத் தாண்டியதும் பூமிக்குள் இறங்குகிறது. அங்கிருந்து ஒன்பதரை கிலோமீட்டர் சுரங்கம். முசியம் நெகாரா, பசார் செனி, மெர்டேக்கா, புக்கிட் பிந்தாங் என்று மலூரி வரை ஏழு நிலையங்கள் நிலத்துக்கு அடியில். அந்தப் பகுதி திறக்க இன்னும் மாதங்கள் இருந்தன. ஆகவே நகரத்தின் வாசல்வரை வந்த ரயில் உள்ளே நுழையாமல் திரும்பியது. ஊருக்குள் போக வேண்டியவர்கள் இறங்கி பஸ் பிடித்தார்கள்.

ஓட்டுநர் இல்லாத ரயில் திரும்புவதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருந்தது. நான்கு பெட்டியும் நடுவில் கதவில்லாமல் ஒன்றாகத் திறந்து கிடக்கும். ஓட்டுநர் அறை இல்லாததால் முன் கண்ணாடி பயணிகளுக்கே சொந்தம், அதாவது பிள்ளைகளுக்கு. செமந்தான் வந்ததும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி நின்ற பிள்ளைக்கு இனி இந்தப் பக்கம் வால் என்று யாராவது சொல்வார்கள். உடனே ஓட்டம், மறுமுனைக்கு, அங்கே முதலில் இடம் பிடிக்க. ஒரு காலத்தில் ரயில் திரும்புமிடத்தில் ஓட்டுநர் நடந்த நடை அது. வெள்ளை விளக்கு சிவப்பாகும், சிவப்பு வெள்ளையாகும், எங்கோ கட்டுப்பாட்டு அறையின் கணக்குப்படி தடம் பிரிக்கும் பாயிண்ட் மாறும், வண்டி கிளம்பிவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இது புதிதல்ல. இங்கே ரயில் பிறந்ததே இப்படி ஒரு தற்காலிகக் கடைசி நிலையத்தோடுதான். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிப் போட்ட முதல் பாதை கிள்ளானுக்குப் போய்ச் சேரவில்லை. ஆற்றின் இக்கரையில் புக்கிட் கூடாவில் நின்றது. குறுக்கே ஆறு, பாலம் இல்லை. 1890இல் கன்னாட் பாலம் முடிந்த பிறகுதான் ரயில் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குள் நுழைந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய போர்ட் கிள்ளான், துறைமுகமாகத் திறக்கப்பட்டபோது பாதையும் கடல்வரை எட்டியிருந்தது. அதற்குள் புக்கிட் கூடா வழியிலுள்ள ஓர் ஊராகிவிட்டது. இன்று கிள்ளானுக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலுக்கு அங்கே நிறுத்தம்கூடக் கிடையாது.

1998 செப்டம்பர் 1 அன்று திறந்த எல்.ஆர்.டி.க்கும் அதே கதி. பங்சார் வழியாக பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக வந்த ரயில் பசார் செனியோடு நின்றது. அடுத்த நிலையமான மஸ்ஜிட் ஜாமெக் சுரங்கத்துக்குள். 1999 ஜூன் மாதம் அது திறக்கும்வரை ஒன்பது மாதம் பசார் செனியில்தான் ரயில் திரும்பியது. புக்கிட் கூடாவில் வழி மறித்தது ஆறு, பசார் செனியிலும் செமந்தானிலும் சுரங்கம்.

ஆனால் இன்ஜின் இழுத்த காலத்தில் ஒரு ரயிலைத் திருப்ப மனிதக் கை வேண்டும். வண்டி கடைசி நிலையத்தில் நின்றதும் ஷண்டிங் ஆள் இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே புகுந்து இரண்டையும் இணைக்கும் கப்பிளிங்கைக் கழற்றுவார். பிரேக் குழாயைப் பிரிப்பார். இன்ஜின் தனியாக முன்னே போகும். பாயிண்ட்ஸ்மேன் பாயிண்டைப் போட்டதும் பக்கத்து லூப் தண்டவாளத்தில் பின்னோக்கி வந்து, வண்டியின் நீளம் முழுவதையும் கடந்து, மறுமுனையில் ஆள் காட்டும் கைக்கு அடங்கி அங்குலம் அங்குலமாக வந்து முட்டும். மறுபடி கப்பிளிங், மறுபடி குழாய், பிரேக் சோதனை. சற்றுமுன் இன்ஜினை ஒட்டி நின்ற பெட்டியில் இப்போது வால் விளக்கு ஏறும். இரவு, மழை, எண்ணெய் படிந்த கட்டைகள் எதையும் பார்க்க முடியாது. இரண்டு பஃபருக்கு நடுவே ஒரு கணம் கவனம் தவறினால் உயிர் போகும்.

அந்த வேலையில் நம் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தண்டவாளம் போட்டதில் தென்னிந்தியத் தமிழர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலும் கிளார்க் மேசையிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள். பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் ரயில்வே குவார்ட்டர்ஸைச் சுற்றி வளர்ந்த தமிழர் பேட்டைகள். பிரிக்பீல்ட்ஸில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த பெரிய யார்டு இருந்த இடத்தில்தான் 2001இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. இன்று அதன் கீழே குளிர்ந்த காற்றில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

1995இல் மின்சார கொம்யூட்டர் வந்தபோதே இன்ஜின் சுற்றிவரும் காட்சி இந்த நகரத்தின் அன்றாடப் பயணத்திலிருந்து விலகத் தொடங்கிவிட்டது. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு என்பதால் இன்ஜின் நகர வேண்டாம், ஆள் நடந்தால் போதும். 1998இல் திறந்த அந்த எல்.ஆர்.டி.யில் அந்த ஆளும் இல்லை. எனக்கு இதில் குறை சொல்ல மனமில்லை. பஃபருக்கு நடுவே யாரும் குனிய வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை.

உலகில் வேறு விதமாகவும் திருப்பியிருக்கிறார்கள். லண்டன் கென்னிங்டனில் 1926 முதல் பூமிக்கு அடியில் ஒரு வளையமே இருக்கிறது. ரயில் அதைச் சுற்றித் தலை மாறாமல் திரும்பிவிடும். நம் சென்னையில் முதல் சுரங்க மெட்ரோ 2017 மே 14 அன்று திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை திறந்தது. அப்போது இங்கே செமந்தானும் கடைசி நிலையம்தான். நேரு பூங்காவில் ஓட்டுநர் நிலத்தடியிலேயே முனை மாறினார். 2018 மே 25 அன்று சென்னை சென்ட்ரல் திறந்ததும் அதுவும் முடிந்தது.

செமந்தானுக்கு வருகிறேன். 2016இல் திறந்த அந்த முதல் பகுதியின் இன்னொரு முனையான சுங்கை பூலோவும் 2022 ஜூன் 16 முதல் புத்ராஜெயா பாதையோடு சேர்ந்துவிட்டது. காஜாங் ரயில்கள் இப்போது குவாசா டாமன்சாராவில் திரும்புகின்றன. 2016இல் நாம் ஏறிப் பார்த்த ரயில் எந்த இரண்டு இடங்களில் திரும்பியதோ, அந்த இரண்டிலும் இன்று காஜாங் ரயில் திரும்புவதில்லை.

கட்டடங்களைக் காக்கச் சட்டம் இருக்கிறது, 1910இல் கட்டிய பழைய கோலாலம்பூர் ஸ்டேஷன் இன்றும் நிற்கிறது. ரயிலைத் திருப்பிய வேலைக்கு அப்படி எதுவும் இல்லை. புக்கிட் கூடாவிலும் செமந்தானிலும் இங்கே ஒரு காலம் ரயில் திரும்பியது என்று ஆண்டோடு ஒரு பலகை வைத்தால் போதும், பெரிய செலவில்லை. அதைவிட அவசரமான வேலை நம் வீடுகளில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ கிள்ளானிலோ உங்கள் குடும்பத்தில் ஷண்டிங் பார்த்தவர், பாயிண்ட் போட்டவர், கார்டாக இருந்தவர் யாராவது இன்னும் இருந்தால், அருகில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த லூப், எந்த லீவர், இரவில் விளக்கால் என்ன சைகை என்று அவர் சொல்வதை அப்படியே எழுதி, தேதி போட்டு வையுங்கள்.