கண்ணுக்கெட்டாத ஆழம்

உடப்புக் கரையில் கரைவலை இழுப்போர் நெடுநேரம் கயிற்றைப் பற்றி நிற்பர். வலையின் மடி கரையேறும்வரை, உள்ளே இருப்பது இன்னதென்று உறுதியாய்ச் சொல்வார் இல்லை. கையில் உணரும் பாரம் ஒன்றே குறி. மலக்குடற் புற்றுநோயை அறுக்கப் புகுந்த சத்திர வைத்தியர்களின் நிலையும் நெடுங்காலம் இதுவே. விரலுக்கு எட்டிய கட்டியைத் தொட்டறிந்தனர். அது குடற்சுவரைக் கடந்து எவ்வளவு ஆழம் சென்றதென்பதை அறிந்தாரில்லை.

1908இல் இலண்டன் சத்திர வைத்தியர் மைல்ஸ், வயிற்றின் வழியாகவும் கீழ்ப்புறமாகவும் அறுத்து மலக்குடல் முழுவதையும் அகற்றும் முறையை வெளியிட்டார். உயிர் தப்பியோர், மலம் கழிய வயிற்றில் இட்ட துளையோடு எஞ்சிய நாளைக் கழிக்க வேண்டியதாயிற்று. 1932இல் அந்நகரின் சென் மார்க்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த டியூக்ஸ், அறுத்தெடுத்த குடல்களை ஆராய்ந்து நோயை மூன்று படிகளாக வகுத்தார்: சுவருக்குள் அடங்கியது, சுவரைக் கடந்தது, நிணநீர்க் கணுக்களை அடைந்தது. அருமையான வகுப்புத்தான், ஆனால் அறுத்த பின்னரன்றோ அது தெரிந்தது!

1982இல் ஹீல்ட் என்னும் ஆங்கிலேயர், குடலைச் சூழ்ந்த கொழுப்பை அதன் மெல்லிய உறை கிழியாமல் எடுத்தால் நோய் மீள்வது பெரிதும் குறையும் என்று காட்டினார். அப்படியாயின், நோய் அவ்வுறையைத் தொட்டுவிட்டதா என்பதை முன்னரே அறிவது எங்ஙனம்?

விடை பௌதிகத்திலிருந்து வந்தது. 1973இல் லோட்டர்பர், காந்தப் புலத்தின் நடுவே உடலின் நீரிலுள்ள ஐதரசன் கருக்கள் தரும் அதிர்வைக் கொண்டு படம் வரையலாமென நிறுவினார். அவரும் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபெல் பரிசு பெற்றனர். இதுவே எம்.ஆர்.ஐ.; எக்ஸ் கதிர் இதில் இல்லை. மெல்லிய துண்டங்களாக எடுத்த படங்களில் உறை ஒரு கோடாகவே தெரியும். நோய் அக்கோட்டிற்கு 1 மில்லிமீற்றருக்குள் நெருங்கினால் உறை ஆபத்தில் உள்ளதென்பர்; அத்தகையோருக்குப் பெரும்பாலும் கதிரும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின்னரே கத்தி எடுப்பர். ஐரோப்பிய வைத்தியசாலைகள் பல கூடி நடத்திய மெர்க்குரி ஆய்வு, 2006இல் இப்படத்தின் நம்பகத்தை உறுதிசெய்தது. சிறு நிணநீர்க் கணுக்கள் மட்டும் இன்றும் அதனை ஏமாற்றுவதுண்டு.

பின்னர் வந்த நுட்பமொன்று, இழையங்களிடையே நீர் அசையும் வேகத்தை அளக்கிறது. உயிரணுக்கள் நெருங்கிய கட்டியில் நீர் தடைப்படும். ஆறிய தழும்பில் அவ்வளவு தடையில்லை. 2004இல் பிரேசில் நாட்டு சத்திர வைத்தியை ஹப்ர்-காமா, கதிரும் மருந்தும் பெற்றுக் கட்டி முற்றாய் மறைந்தோரை அறுக்காமலே கண்காணித்த அனுபவத்தை வெளியிட்டார். இன்று அத்தகையோர் குறித்த காலந்தோறும் விரலாலும் உள்நோக்கியாலும் சோதிக்கப்பட்டு, இப்படத்தின் முன்னும் வந்து படுக்கின்றனர். வயிற்றில் துளை இல்லாமலே வீடு திரும்புகின்றனர்.