மோட்டார் மேளமும் அரேஞ்சர் கீபோர்டும்

எங்க ஊர்ப் பிள்ளையார் கோயில்ல சாயங்காலப் பூசைக்கு மேளம் அடிக்கிறது ஒரு மோட்டார். பூசாரி சுவிட்சைத் தட்டினா சக்கரம் சுத்தும். அதோட சேந்த கம்பிகள் ஒரு முரசையும் மணியையும் மாத்தி மாத்தி அடிக்கும். வோல்டேஜ் குறைஞ்சா தாளமும் தள்ளாடும். இந்த சாமான் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், நகரத்துக் கோயில்கள்லயும் பாத்திருக்கேன்.

என் அக்கா மகன் ஆர்க்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிக்கிறான். திருவிழா மாசத்துல கச்சேரி, மத்த நாள் என்கூட வயல்ல. அவன்கிட்ட இருக்கிறதுக்கு 'அரேஞ்சர்' கீபோர்டுன்னு பேரு. இடது கையால மூணு சுரத்தைச் சேத்துப் பிடிச்சா போதும், டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாத்தையும் பெட்டியே வாசிச்சிடும். இது எங்கிருந்து வந்துச்சுன்னு அவன்கிட்ட கேட்டும், ராத்திரியில போன்ல படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறேன்.

1959-ல் அமெரிக்காவில் வுர்லிட்சர் கம்பெனி 'சைட் மேன்' என்று ஒரு தாளப்பெட்டி கொண்டுவந்தது. உள்ளே இருந்தது என்னன்னு படிச்சப்ப சிரிப்பு வந்துடுச்சு. அதுலயும் ஒரு மோட்டார்தான்! மோட்டார் ஒரு தட்டைச் சுத்தும், தட்டுல மின்தொடுப்புகள். நம்ம மோட்டார் குச்சியால தோலை அடிக்குது. அங்கே தொடுப்பு பட்டதும் வால்வு சர்க்யூட்டே 'டும்' என்று ஒரு சத்தத்தை உண்டாக்கும். வீட்டில் ஆர்கன் வாசிக்கிறவருக்குத் துணையாகச் செய்த பெட்டி. டிரம்ஸ்காரர் பிழைப்பு போயிடுமேன்னு அங்கத்த இசைக்கலைஞர் சங்கம் கவலைப்பட்டு, அதை எங்கே எப்படிப் பயன்படுத்தலாம்னு கட்டுப்பாடு போடப் பாத்துச்சு. எங்க கோயிலுக்கு மோட்டார் வந்தப்ப மேளக்காரர்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. கோயில் கூட்டத்துல நானும்தான் உக்காந்திருந்தேன்.

அடுத்து ஜப்பான். இக்குதாரோ ககேஹாஷி என்பவரின் ஏஸ் டோன் கம்பெனி 1967-ல் மோட்டார் இல்லாமல், டிரான்சிஸ்டரை வைத்தே 'ரிதம் ஏஸ்' பெட்டியைச் செய்தது. அதையே ஹேமண்ட் ஆர்கனுக்குள்ளும் வைத்தார்கள். அவர்தான் 1972-ல் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கினவர். 1980-ல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808 பெட்டியிலும் சத்தம் சர்க்யூட்டில் பிறந்ததுதான். நிஜ டிரம்ஸ் மாதிரியே இல்லைன்னு அன்னிக்குப் பலர் ஒதுக்கினாங்க. பின்னாடி ஹிப்ஹாப்காரங்க அந்தச் சத்தத்துக்காகவே அதைத் தேடி அலைஞ்சது வேற கதை.

அதே 1980-ல் ரோஜர் லின் என்ற அமெரிக்கர் வேறு வழியில் போனார். டிரம்ஸ் மாதிரி சத்தத்தை ஏன் உண்டாக்கணும், டிரம்ஸையே பதிவு பண்ணி சிப்புக்குள்ள வச்சா என்ன? அப்படி வந்த எல்எம்-1 பெட்டியின் விலை கிட்டத்தட்ட 5,000 டாலர். நினைவக சிப் அவ்வளவு விலை. சிம்பல் சத்தம் ரொம்ப நேரம் நீளும், அதுக்கு இடம் கட்டுபடியாகாதுன்னு சிம்பலே இல்லாமல்தான் அந்தப் பெட்டி வந்தது. சிப் விலை இறங்க இறங்க, இந்தப் பதிவுச் சத்தம் வீட்டு கீபோர்டு வரைக்கும் வந்து சேந்துச்சு.

இந்த இடத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. கீபோர்டுக்குள்ள இருக்கிற தாளம் சத்தம் இல்லை, வெறும் எண்கள். 1983-ல் வந்த மிடி முறையில், எந்த நேரத்தில், எந்த எண், எவ்வளவு பலமாக என்பதுதான் போகும். 1991-ல் 'ஜெனரல் மிடி' என்று ஒரு பொதுப் பட்டியல் போட்டார்கள். டிரம்ஸுக்குப் பத்தாவது சேனல். 36 என்றால் பேஸ் டிரம், 38 என்றால் ஸ்னேர். சத்தம் தனி, தாளம் தனி என்பதால், பழைய தாளத்துக்குப் புதுச் சத்தத்தை மாட்டிக்கலாம். மாட்டைப் பிடிச்சு டிராக்டர்ல கட்டுற மாதிரி ஆகாம இருந்தா சரி!

அந்த மாதிரிதான் ஆச்சு. மருமகன் லேப்டாப்ல ஒரு நல்ல டிரம்ஸ் தொகுப்பை ஏத்தி, கீபோர்டோட தாளத்தை அதுக்குள்ள விட்டான். முன்னைவிட மோசமா இருந்துச்சு. காரணம், நல்ல தொகுப்புல ஒவ்வொரு அடியையும் மெதுவா, நடுவா, ஓங்கின்னு பல பலத்துல பதிஞ்சிருப்பாங்க. ஒரே பலத்துக்கே நாலஞ்சு தடவை அடிச்சு, மாத்தி மாத்தி ஒலிக்க விடுவாங்க. இல்லைன்னா வேகமா அடிக்கிறப்ப துப்பாக்கி சுடுற மாதிரி கேக்கும். பழைய தாளமோ பழைய பெட்டிச் சத்தத்துக்காக எழுதினது, எல்லா அடியும் ஒரே ஓங்கல். உக்காந்து ஒவ்வொரு அடியா பலத்தைக் குறைச்சப்பதான் மனுசன் வாசிக்கிற மாதிரி வந்துச்சு. இந்தத் தொல்லையே வேண்டாம்னு, கனடாவில் பீட்டர் கேனன் உருவாக்கிய 'பேண்ட் இன் எ பாக்ஸ்' மென்பொருளில் 2007 வாக்கில் எண்களை விட்டுட்டு, டிரம்ஸ்காரர் வாசிச்ச பதிவுகளையே வச்சுட்டாங்க.

எனக்கு உறுத்தினது அந்தப் பொதுப் பட்டியல். 35-லிருந்து 81 வரைக்கும் மொத்தம் 47 தாளக்கருவிச் சத்தம். பாங்கோ இருக்கு, காங்கா இருக்கு, பிரேசில் நாட்டுக் குயீக்கா இருக்கு, விசில்கூட இருக்கு. தபலா இல்லை, தவில் இல்லை, பறை இல்லை. பிற்பாடு யமஹா நம்ம நாட்டுக்குன்னு 'ஐ' வரிசை கீபோர்டுகளில் தபலாவைச் சேத்தது. அதுக்கெல்லாம் முன்னாடியே நம்ம ஆர்க்கெஸ்ட்ராக்காரங்க ஆக்டோபேடைத் தட்டித் தட்டி குத்துப்பாட்டை ஒப்பேத்திட்டாங்க.

போன தை மாசம் பறைச் சத்தத்தை நாமே பதிவு பண்ணுவோம்னு மருமகன் கிளம்பினான். கோயில்ல மோட்டார் வர்றதுக்கு முன்னாடி அடிச்ச பெரியவரைத்தான் களத்துக்குக் கூட்டியாந்தோம். மைக்கை வச்சதும் அவர் கேட்டார், "தம்பி, காய்ச்சறதுக்கு முன்னாடி வேணுமா, காய்ச்சின பொறவு வேணுமா?"

இவன் முழிச்சான். வைக்கோல்ல தீ மூட்டித் தோலைக் காட்டினா சத்தம் ஏறும், பனி இறங்க இறங்கக் குறையும், மறுபடி காட்டணும். ஒரு ராத்திரிக்குள்ள பத்து விதமாப் பேசுற தோலை எந்த நேரத்துல புடிக்கிறது? கடைசில மூணு நிலையில பதிஞ்சோம். வலது கைக் கட்டைக்குச்சி தனி, இடது கை நீளக்குச்சி தனி, ஓரம் தனி. பொழுது சாயற வரைக்கும் அடிச்சார்.

கச்சேரிக்கு வர்ற சம்பளத்தையே கணக்கு வச்சுக் கொடுத்தான். வாங்கி மடியில வச்சுக்கிட்டு, "இனி நான் வராமயே நான் அடிப்பேனா?"ன்னு கேட்டார். "ஆமாங்க ஐயா"ன்னான்.

"அப்ப ஒவ்வொரு கச்சேரிக்கும் எனக்குப் பங்கு உண்டா?"

மருமகன் என்னைப் பாத்தான். எல்எம்-1 பெட்டிக்கு அடிச்சுக் கொடுத்த டிரம்ஸ்காரர் ஆர்ட் வுட்டோட பேரை எனக்கு ராத்திரி படிச்சுச் சொன்னவனே அவன்தான். இப்ப கச்சேரிக் கணக்கு நோட்டுல டிரம்ஸ், பேடு, டோலக்குக்குக் கீழே 'பறை'ன்னு ஒரு வரி எழுதி, அவர் பேருக்கு நேரா நூறு ரூபா போட்டு வச்சிருக்கான். மாசக் கடைசியில போய்க் கொடுத்துட்டு வர்றான். கோயில் மோட்டார் பங்குனியில ரிப்பேர் ஆச்சு, இன்னும் சரி பண்ணலை.