ஈம் கிராமமும் அதன் தேவாலயமும்

இங்கிலாந்தின் டார்பிஷயர்ப் பகுதியிலே, மலைச்சாரலில், ஈம் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் நடுவே தூய லோரன்சின் பெயரால் அமைந்த கோயிற்பற்றுத் தேவாலயம் நிற்கின்றது. அதன் முற்றத்திலே, நோர்மானியர் வருகைக்கு முற்பட்ட பழைய கற்சிலுவை ஒன்று காணப்படுகின்றது. இவற்றை மட்டும் நோக்குவோர், ஆங்கில நாட்டுப்புறத்து ஊர்களுள் இதுவும் ஒன்றெனக் கடந்து சென்றுவிடலாம். 1665, 1666 ஆம் ஆண்டுகளில் இங்கு நிகழ்ந்ததை அறிந்தவர் அவ்வாறு செல்லார்.

இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் வாட்டிய காலம் அது. அங்கிருந்து இவ்வூர்த் தையற்காரர் ஒருவருக்கு வந்த துணிப்பொதியோடு நோயும் வந்ததென்பர். 1665 செப்டெம்பரில் முதல் மரணம் நிகழ்ந்தது. குளிர்காலத்திலே சற்றுத் தணிந்த நோய், அடுத்த கோடையிலே மீண்டும் மூண்டது. வசதி படைத்த சிலர் ஊரை விட்டகன்றனர். ஏனையோர் என் செய்வது?

அப்பொழுது கோயிற்பற்றுக் குருவாக இருந்தவர் வில்லியம் மொம்பசன் என்னும் இளைஞர். அவருக்கு முன் அப்பணியிலிருந்தவர் தோமஸ் ஸ்டான்லி. அரசு விதித்த பொதுப் பிரார்த்தனை நூலை ஏற்க மறுத்துப் பதவியிழந்தவர். கொள்கையால் எதிரெதிர் நின்ற இவ்விருவரும் 1666 யூன் மாதத்திலே ஒன்றுகூடினர். எவரும் எல்லையைத் தாண்டுவதில்லை என்னும் உறுதியை ஊராரிடம் வேண்டினர், ஊராரும் இசைந்தனர்.

தேவாலயம் மூடப்பட்டது, வழிபாடு திறந்த பள்ளத்தாக்கிலே நிகழ்ந்தது. மாண்டோரை அவரவர் தோட்டத்திலும் வயலிலும் உறவினரே புதைத்தனர். டெவன்ஷயர்ப் பிரபு உணவு அனுப்பி உதவினார். அயலார் எல்லைக் கல்லருகே பண்டங்களை வைத்துச் செல்வர். கல்லிலுள்ள குழிகளிலே, புளிக்காடியில் இட்ட நாணயங்களை எடுத்துக்கொள்வர்.

எலிசபெத் ஹன்கொக் என்னும் தாய், கணவனையும் ஆறு பிள்ளைகளையும் எட்டே நாட்களுள் தன் கையாலேயே அடக்கஞ் செய்தாள். குருவின் மனைவி கதரின், பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டுத் தாம் கணவருடன் தங்கினார். ஓகஸ்ட் மாதத்திலே நோய்க்கிரையானார். நவம்பரிலே நோய் ஓய்ந்தபோது, ஏறத்தாழ 260 உயிர்கள் மாய்ந்திருந்தன. சுற்றுப்புறத்து ஊர்களோ தப்பின.

வெளியேறப் புகலிடமற்ற ஏழைகள் தங்கியதிலே தியாகம் ஏது என வினவுவாரும் உளர். ஆயினும் இரவோடிரவாக ஓடுவதற்கு வழி இருந்தது. ஓடினவர் மிகச் சிலரே. இன்றும் ஓகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறன்று அதே பள்ளத்தாக்கிலே வழிபாடு நடைபெறுகின்றது. கதரினின் கல்லறையோ தேவாலய முற்றத்திலே, அப்பழைய சிலுவைக்கு அண்மையில் உள்ளது. அயலூரார் வாழவேண்டுமென்று தம் எல்லைக்குள் நின்றவர்களை அம்முற்றம் நினைவூட்டுகின்றது.